இரண்டு பக்கமும் நான்கு

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரிடமும் காட்ட வேண்டாம். என் அம்மாவிடம் வேண்டாம், சுகந்தி டீச்சரிடம் வேண்டாம், போலீஸிடம் வேண்டாம். சங்கரேஸ்வரியிடம் வேண்டவே வேண்டாம். இது கணக்கு ரஃப் நோட்டு. முன்னாலிருந்து புரட்டினால் கணக்கு மட்டும்தான் இருக்கும். நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுகிறேன். படித்தது படித்ததாகவே இருக்கட்டும், எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். பிரவுன் அட்டையை மட்டும் பிரிக்காதீர்கள்.

முனீஸ்வரி, பதினொன்றாம் வகுப்பு.

ஜனவரி 20, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் சுகந்தி டீச்சர் எல்லைகள் பாடத்தைத் தொடங்கினார். கரும்பலகையில் (x² − 4) / (x − 2) என்று எழுதி, "இரண்டைப் போடுங்க" என்றார். போட்டோம். மேலேயும் சைபர், கீழேயும் சைபர்.

"போட முடியல இல்ல? அப்ப அந்த இடத்துக்கே போகாதீங்க. பக்கத்துல போய் நின்னு பாருங்க. முதல்ல அங்கிட்டிருந்து வாங்க" என்று இடப்பக்கத்தைக் காட்டினார். 1.9 போட்டால் 3.9. 1.99 போட்டால் 3.99. அடுத்து 1.999 என்று எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. பிறகுதான் சத்தம் வந்தது. மணி பதினொன்று பத்து. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாரும் இடி என்று நினைக்க மாட்டார்கள். எல்லோரும் எழுந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தோம். அவரவர் அம்மா வேலை பார்க்கும் திசை இல்லையென்றால் உட்காரலாம்.

சங்கரேஸ்வரி என்கிற சங்கரி என் பக்கத்தில் இருந்தாள். புகையைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா பயராபீஸ்டி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தத் திசையில் யாரும் இல்லை. அவள் அம்மா குருவம்மாள் அத்தை, தன் வீட்டிலேயே இருந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள்.

பயராபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை. என் அப்பா கருத்தப்பாண்டி அங்கே போர்மேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் அறையில் நான்கு பேர் இறந்தார்கள். வெடிக்குள் மருந்து செலுத்தும் அறை அது. பேப்பரில் வழக்கம்போல் உராய்வுதான் காரணம் என்று போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் இருந்தார். என்னிடம் ஒன்று எழுதச் சொன்னார். எழுதினேன். சட்டையை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு போலீஸ் இரண்டு முறை வந்தது.

இன்று டீச்சர் மறுபக்கத்தை எழுதினார். 2.1 போட்டால் 4.1. 2.01 போட்டால் 4.01.

"ரெண்டு பக்கமும் எங்க வந்து நிக்குது?"

"நாலு டீச்சர்."

"நட்ட நடுவுல, ரெண்டுல என்ன இருக்கு?"

டீச்சரே அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"ஒண்ணுமில்ல, ஓட்டை. ஆனா அது நமக்கு வேண்டாம். இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் ஒத்துப்போச்சுன்னா எல்லை நாலு. முடிஞ்சது."

சங்கரி வரவில்லை. குருவம்மாள் அத்தை சனிக்கிழமை காலையில் சாத்தூரில் பல்லைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்களாம். இன்னும் வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அப்பா கழற்றிப்போட்ட சட்டையை இன்றுதான் துவைத்தேன். மூன்று முறை சோப்புப் போட்டும் கந்தக வாடை போகவில்லை. பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தண்ணீரில் போடும் முன் எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்.

மதியம் எலுமிச்சை சாதம். அம்மா சாப்பிடவில்லை.

ஜனவரி 22, புதன்

டீச்சர் அதே கணக்கை இன்னொரு மாதிரி போட்டார். "இப்ப அந்த ஓட்டைய அடைப்போம். ரெண்டுல மட்டும் மதிப்பு அஞ்சுன்னு நாமளே வச்சுக்குவோம். எல்லை என்ன?"

பாதிப்பேர் ஐந்து என்றார்கள். டீச்சர் சாக்பீஸால் மேசையைத் தட்டினார். "நாலுதான்! அந்தப் புள்ளியில என்ன இருந்தா நமக்கென்ன? அஞ்சு இருக்கட்டும், அம்பது இருக்கட்டும். அங்கிட்டும் நாலு, இங்கிட்டும் நாலுன்னா எல்லை நாலு. எழுதிக்கோங்க."

எழுதினேன். பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

மேனேஜர் ராமசுப்பு இருட்டும் முன்பே வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உட்காருங்க அண்ணாச்சி. அவரு எப்ப வருவாரு?"

"ஜாமீனுக்கு வக்கீல் பாத்தாச்சு தாயி. பயப்படாதீங்க. ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கு, அதான் நம்ம பலம். ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். ரிஜிஸ்டர்லயும் நாலு. ஆஸ்பத்திரியிலயும் நாலு குடும்பம் வந்து உடல வாங்கிட்டுப் போயிருச்சு. எவன் என்ன கேக்க முடியும்?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா எழுதுனது நீன்னு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், என்ன?"

தலையாட்டினேன்.

இதை எழுதத்தான் வேண்டும். அப்பாவுக்கு எழுத்து வராது, கோணல் கோணலாக இருக்கும். காலையில் வாசலில் நின்று எந்த அறையில் யார் யார் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் அதைப் பார்த்து நான் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன். எட்டாம் வகுப்பிலிருந்து அதுதான் என் வேலை. சீட்டில் அறைக்கு ஐந்து, ஆறு என்று இருக்கும். ரிஜிஸ்டரில் நான்குதான். மிச்சப் பெயர்களை ஆள் குறைந்த அறையில் போட வேண்டும். எங்குமே இடமில்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதனால் அது பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை எழுதியதும் அப்படித்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போனோம். சங்கரி வந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், ஆனால் ஒரு பக்கப் பின்னல் தளர்ந்திருந்தது. அவளுக்கு எப்போதும் அம்மாதான் பின்னிவிடுவாள்.

வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி, "உங்கம்மாவுக்கு எந்த ஊர்ல பல்லு பிடுங்குறாகளாம்? மெட்ராஸா, பம்பாயா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சங்கரி திரும்பவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அவள் தன்னுடையதை என் கையில் வைத்தாள்.

"எங்கப்பா அம்மா சேலையெல்லாம் தெருவுல தூக்கிப் போட்டுட்டாரு முனீசு. ஓடிப்போனவ துணி எதுக்குங்குறாரு. நான் பொறுக்கி எடுத்துட்டு வந்தேன். எங்கம்மா ஓடிப்போற ஆளாடி?"

"இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அன்னைக்கு எங்கம்மா உங்கப்பா ஆபீஸுக்கு வேலைக்குப் போயிருக்குமோன்னு தோணுது. பொங்கல் முடிஞ்சு ஆளே வரலன்னு பேசிக்கிட்டாக. பேப்பர்ல வந்த லிஸ்ட்டப் பார்த்தேன். பேரு இல்ல."

மிட்டாய் இரண்டும் என் கையிலேயே உருகி ஒட்டிக்கொண்டன.

ஜனவரி 27, திங்கள்

விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடு என்று சங்கரி மதிய இடைவேளையில் உட்கார்ந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் அவள். எனக்கு அவள்தான் இதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அட்டவணை போட்டேன். இடப்பக்கம், வலப்பக்கம், நான்கு, நான்கு. பிறகு புள்ளியில் ஐந்து வைத்தாலும் எல்லை நான்குதான் என்று சொன்னேன்.

"ஏன்?"

"எல்லைக்கு அந்தப் புள்ளிய பார்க்க வேண்டாம். பக்கத்துல என்ன ஆகுதுன்னுதான் பார்க்கணும்."

"ஏன் பார்க்க வேண்டாம்? அங்கதான அஞ்சு இருக்கு?"

"டீச்சர் சொன்னாங்க."

அவள் கொஞ்ச நேரம் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரவுன் அட்டை போட்ட இந்த நோட்டைத்தான். நான் நோட்டின் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டேன்.

"சரி, கணக்கு சரிதான்" என்றாள். "வெளிய நின்னு ரெண்டு பக்கமும் பார்க்குறவனுக்கு நாலுதான் தெரியும். சந்தேகமே வராது. ரெண்டு பக்கமும் வேற வேறயா இருந்தாத்தான் நின்னு கேப்பான்." பிறகு என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, x = 2-க்கு மேலே ஐந்தில் ஒரு கரும்புள்ளி வைத்தாள். பென்சில் முனை உடைந்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். குழாயடியில் யாரும் என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 29, புதன்

இன்று முடிவிலி எல்லைகள். 1/x². சைபருக்கு அருகே போகப் போக மேலே ஏறுகிறது. 0.1 என்றால் நூறு. 0.01 என்றால் பத்தாயிரம். டீச்சர் வரைந்த கோடு கரும்பலகையின் விளிம்புக்கே போய்விட்டது.

"முடிவிலிங்கிறது ஒரு எண் இல்ல. அங்க போய்ச் சேர முடியாது. நிக்காம கூடிக்கிட்டே போகுதுன்னு சொல்றதுக்குத்தான் அந்தக் குறி. நீங்க எவ்வளவு பெரிய எண் சொன்னாலும் அதத் தாண்டிரும்."

எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை போலீஸ் ஜீப் மெயின் ரோட்டில் நின்றது. திங்கட்கிழமை ரேஷன் கடையருகே. நேற்று எங்கள் தெருமுனையில். இன்று பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. இதற்கு மேல் பயப்பட முடியாது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

அடுத்தது 1/x. வலப்பக்கத்திலிருந்து வந்தால் மேலே, இடப்பக்கத்திலிருந்து வந்தால் கீழே. அதே சைபர்தான், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். சங்கரியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதை வரைந்தோம். மேனேஜர் நேற்று எங்கள் வீட்டில் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போனார். அவள் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

ஜனவரி 30, வியாழன்

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை அப்பா என்னிடம், "ஏழாம் ரூமுக்கு நாளைக்கு ஒரு ஆள் குறையுது. குருவம்மா வருவாளான்னு கேட்டுட்டு வா" என்றார். நான் போய்க் கேட்டேன். அத்தை குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கை முழுக்கப் பசை. சங்கரி கடைக்குப் போயிருந்தாள்.

"மருந்து ரூமா? சங்கரி கொன்னுபோடுவாளே என்னைய" என்று சிரித்தார்கள். பிறகு, "ஒரு நாள்தான, வர்றேன்னு சொல்லு. அவகிட்ட மட்டும் சொல்லிறாத தாயி. பல் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிக்கிறேன்" என்றார்கள். என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பசை ஒட்டியது.

மறுநாள் காலையில், குறைந்த ஆளும் எப்படியோ வந்துவிட்டார். அப்பா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஐந்து பேர் ஆகிவிட்டார்கள்.

நான் சங்கரியிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாதே என்று அத்தைதான் சொன்னார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

சங்கரி வீட்டுக்கே வந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப்போறேன். எழுதிக்குடு. உன் எழுத்துன்னாத்தான் படிப்பாங்க."

"என்ன எழுதணும்?"

"ஆஸ்பத்திரியில அடையாளம் தெரியாத உடம்புப் பாகம் கொஞ்சம் வச்சிருக்காங்களாம். வார்டு அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. என் ரத்தத்த எடுத்துப் பார்க்கச் சொல்லணும். லிஸ்ட்ல பேரில்லாத ஆளுக்கு எடுக்க மாட்டோம்னு விரட்டுறாங்க. நான் அவ மகதான? ரத்தம் எடுத்தா என்ன குறைஞ்சிரப்போகுது?" அவள் குரல் ஏறவே இல்லை. "எங்கம்மா செத்துப்போச்சுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும் முனீசு. ஓடிப்போகலன்னு சொன்னாப் போதும்."

பேனாவை எடுத்தேன். எழுத்தைச் சாய்த்து, வளைவுகளை மாற்றி எழுதினேன். நான்கு வரி போனதும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? கை வலிக்குதா?"

"ஆமா" என்றேன்.

"அப்ப நாளைக்கு எழுதிக் குடு. நல்லா எழுது."

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பெரியப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கிறார். தாடி வளர்ந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

"அப்பா, குருவம்மா அத்தை பேர எழுதியிருக்கலாமே."

கை நின்றது. "எழுதியிருந்தா அஞ்சு. அஞ்சுன்னா அப்பன் எத்தன வருசம் உள்ள இருக்கணும் தெரியுமா?"

"அவங்க ஓடிப்போயிட்டாங்கன்னு ஊரே பேசுது."

"நான் நாலு பேர எழுதுன்னுதான சொன்னேன். யார எழுதணும், யார விடணும்னு நானா சொன்னேன்? நீதான எழுதுன." சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு, சோற்றுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் எதுக்குக் குருவம்மாவக் கூப்பிட்டு விட்டேன்... எதுக்குக் கூப்பிட்டு விட்டேன்..."

தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா சொன்னது உண்மை. அன்று சாயங்காலம் சீட்டை என் முன்னால் வைத்தார். ஏழாம் அறைக்கு ஐந்து பெயர்கள். நான் வழக்கம்போல் மேலிருந்து நான்கை எழுதினேன். மற்ற அறைகளில் இடமில்லை. ஐந்தாவது பெயரைப் படித்தேன். படித்துவிட்டு ரிஜிஸ்டரை மூடினேன்.

மனுவை என் எழுத்திலேயே எழுதி, சாயங்காலம் சங்கரி வீட்டில் கொடுத்துவிட்டேன். சீட்டைக் கொடுக்கத் தைரியமில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வெளிச்சம் இருக்கும்போதே எழுதுகிறேன். அம்மா வாசலில் அரிசி புடைக்கிறாள்.

சங்கரி காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போனாள். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா பெயர் இல்லை பார் என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டுவார்கள். அவள் கையில் என் மனு இருக்கும். எதிரே என் ரிஜிஸ்டர் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து என் நோட்டைப் பார்க்கிறவள் அவள்.

வகுப்பில் டீச்சர் படிக்கட்டு மாதிரி ஒரு படம் போட்டார். ஓர் எண்ணைத் தாண்டாத மிகப்பெரிய முழு எண்ணை எடுக்க வேண்டும். ஐந்துக்கு இடப்பக்கம் 4.9, 4.99, எவ்வளவு நெருங்கி வந்தாலும் நான்குதான். வலப்பக்கம் 5.01 என்றாலே ஐந்து.

"இப்ப எல்லை என்ன?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல."

"அவ்வளவுதான். ஒரு பக்கம் மாறினாப் போதும், எல்லை நாலுன்னு யாரும் சொல்ல முடியாது."

என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சங்கரி முன்பே இதைச் சொல்லிவிட்டாள். ரிஜிஸ்டரில் நான்கு, ஆஸ்பத்திரியில் நான்கு. ஒரு பக்கத்திலாவது ஐந்து என்று ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவைப் பிடிப்பார்கள். என்னையும் கேட்பார்கள். சொல்லாவிட்டால் குருவம்மாள் அத்தை எல்லோருக்கும் ஓடிப்போனவளாகவே இருப்பார்கள், சங்கரி சாகும்வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிரவுன் அட்டையைப் பிரித்தேன். சீட்டு மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஆனால் எழுத்து தெரிகிறது. ஏழு என்று போட்டு வட்டம். அதன் கீழே அப்பாவின் கோணல் எழுத்தில் ஐந்து பெயர்கள். கடைசியில் குருவம்மாள்.

முதல் பக்கத்தில் யாரிடமும் காட்ட வேண்டாம் என்று எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டேன். காட்டுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். நாளை காலை இந்த நோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நான் முதலில் சங்கரியிடம்தான் போவேன், அவளிடம் நானே என் வாயால்

ஆறரை பஸ் ஹாரன் கேட்கிறது.

அம்மா அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

தட்டுகிறார்கள். பின்வாசல் இல்லை, முன்வாசல். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைக்கிறாள், திறக்காதே என்று.

"முனீசு."

சங்கரிதான். அழவில்லை.

"உள்ளதான இருக்க? உன் கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு வா. எழுத்தப் பார்க்கணும். முனீசு, கதவத் தெ